நம்மைப் பற்றி நாமே எழுதுவது: பேராக் தமிழரும் இணையத் தொழில்விவரமும்

ரப்பர் தோட்டக் காலத்தில் ஒரு தொழிலாளியைப் பற்றிய விவரம் இரண்டே இடங்களில் இருந்தது: கிராணி எழுதிய செக்ரோலில், கங்காணியின் வாயில். செக்ரோலில் பெயர், வேலைக்கு வந்த நாள், பிடித்தம் போகக் கைக்கு வந்த சம்பளம். மற்றதெல்லாம் கங்காணி சொன்னதுதான். நல்ல வெட்டுக்காரரா, பட்டையைக் காயப்படுத்துவாரா, விடியற்காலைப் பெரட்டுக்கு நேரத்தோடு வந்து நிற்பாரா என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். தன்னைப் பற்றித் தானே ஒரு வரி எழுத வேண்டிய தேவை அந்தத் தொழிலாளிக்கு வந்ததே இல்லை. எழுதியிருந்தாலும் படிக்க ஆளில்லை.

அவருடைய பேரனோ பேத்தியோ இன்று புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு தாமான் வீட்டில் உட்கார்ந்து, லிங்க்ட்இன்னில் 'உங்களைப் பற்றி' என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2,600 எழுத்துகள் வரை இடமிருக்கிறது. பெரும்பாலோர் எழுதுவது இரண்டு வரி: கடின உழைப்பாளி, எந்தச் சூழலிலும் குழுவோடு சேர்ந்து வேலை செய்யக்கூடியவர். யாருக்கும் பொருந்துகிற வரி யாரையும் காட்டாது.

அந்தக் கட்டத்தை நன்றாக நிரப்பினால் பிழைப்பு மாறுமா? மாறும் என்று அடித்துச் சொல்லும் பயிற்சிப் பட்டறைகளுக்கு ஈப்போவில் பஞ்சமில்லை. படம் இப்படி இருக்க வேண்டும், தலைப்பு வரியில் இன்னின்ன சொற்கள் வர வேண்டும், ரெக்ரூட்டர் ஆறே விநாடிதான் பார்ப்பார் என்று மேடையில் சொல்கிறார்கள். அந்த ஆறு விநாடிக் கணக்கு, அமெரிக்காவில் ரெசுமே எழுதித் தரும் சேவையும் நடத்திய ஒரு வேலைத்தேடல் நிறுவனம் 2012இல் 30 ஆள்சேர்ப்பாளர்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. விற்கிறவர் கணக்கை விற்கிறவர் கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம். இதைவிடக் கவனமாகச் செய்த ஆய்வுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பேராக்கின் நிலைமைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இருக்கும் தொழில்விவரம் தானாகப் போய் வேலை வாங்கி வருவதில்லை. நம்மை அரைகுறையாகத் தெரிந்த ஒருவர், நம்மைத் தெரியாத இன்னொருவரிடம் கூச்சமில்லாமல் நம் பெயரைச் சொல்வதற்கு அது ஆதாரமாக நிற்கிறது. பயன் முழுவதும் அதில்தான்.

கங்காணி முறையே ஓர் ஆள்சேர்ப்பு வலை. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய், தன் உறவிலும் தன் சாதியிலும் தெரிந்தவர்களைக் கூட்டி வந்தார். கூட்டி வந்தவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு என்று தோட்டத்திலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் வாய்ச்சொல்லுக்கு விலை இருந்தது. அதே வாய்ச்சொல் கடனாகவும் கட்டாயமாகவும் தொழிலாளியின் கழுத்தில் ஏறியதும் உண்டு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இப்படி உதவி கொடுத்து அனுப்புவதைத் தடைசெய்ததும் அந்த வழி அடைபட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் மாதப் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கினார். ஆனாலும் பிந்தைய பத்தாண்டுகளில் ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியானது. வெளியேறிய பிள்ளைகள் வேலை பிடித்ததும் பழைய வழியில்தான். சித்தப்பா மகன் பினாங்கு ஃபேக்டரியில் சூப்பர்வைசர், ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணன் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு மோட்டாரில் போய் வந்துகொண்டிருந்தார், தம்பியையும் கூட்டிப்போனார்.

இந்த வழியைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. அது எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பாதுகாவலராக இருக்கும் மாமாவால் பாதுகாவலர் வேலைதான் வாங்கித் தர முடியும்.

இந்த எல்லையைத்தான் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பாஸ்டன் நகருக்கு அருகே நியூட்டனில், வேலை மாறியவர்களிடம் எப்படி மாறினீர்கள் என்று விசாரித்தார். நெருங்கிய நண்பர் மூலம் என்று சொன்னவர்களைவிட, எப்போதாவது பார்க்கிற ஒருவர் மூலம் தகவல் வந்தது என்றவர்களே மிகுதி. காரணம் எளியது. நமக்கு நெருங்கியவர்கள் நாம் உலவும் இடத்திலேயே உலவுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் ஏற்கெனவே தெரியும். தூரத்துப் பழக்கம்தான் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்தார்கள். அந்தத் தளம் 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று பெயர்களைக் காட்டும் அல்லவா, அந்தக் கணிமுறையை ஆளுக்கு ஆள் சற்று மாற்றி, 2 கோடிப் பேரிடம் ஐந்து ஆண்டுகள் விளைவைக் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் 200 கோடிப் புதிய தொடர்புகளும் 6 லட்சம் புதிய வேலைகளும் உண்டாயின. 2022இல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. (தங்களை வைத்துச் சோதனை நடக்கிறது என்று அந்த 2 கோடிப் பேருக்கும் தெரியாது என்பது தனிச் சர்ச்சை.) கிரானோவெட்டர் சொன்னது சரிதான், ஆனால் ஒரு திருத்தத்தோடு: வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவர்கள் முற்றிலும் அந்நியரும் இல்லை, நெருங்கியவரும் இல்லை, நடுவாந்தரப் பழக்கம் உள்ளவர்கள். இன்னொரு முடிவும் உண்டு, பட்டறைகளில் யாரும் சொல்லாதது. கணினிமயமான தொழில்களில்தான் தூரத்துப் பழக்கம் கைகொடுக்கிறது. அந்த அளவு கணினி நுழையாத தொழில்களில் நெருங்கிய உறவே இன்னும் வலுவாக நிற்கிறது.

பேராக்கை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். ஈப்போ வட்டாரத்தில் கார்செம், யூனிசெம் போன்ற குறைக்கடத்தி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒளியிழைக் கருவிகள் செய்யும் கொஹெரண்ட் இருக்கிறது. ஃபினிசார் என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் ஊரில் பலருக்குப் புரியும். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன். இங்கெல்லாம் பொறியாளர், தரக்கட்டுப்பாடு, கொள்முதல், கணக்கு போன்ற பதவிகளுக்கு ஆள் தேடுகிறவர் கணினியில் தேடுவார். அவர் தேடலில் நாம் விழ வேண்டும். பீடோரில் ஒரு பட்டறைக்கோ தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்கோ ஆள் வேண்டுமென்றால் முதலாளி தன் ஃபோர்மேனைக் கூப்பிட்டு 'யாராவது நல்ல பையன் இருக்கானா?' என்பார். அங்கே லிங்க்ட்இன்னை மெருகேற்றிக் கொண்டிருப்பது வீண்.

நடுவாந்தரப் பழக்கத்துக்கு நம்மிடம் குறையே இல்லை என்பதுதான் வேடிக்கை. தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தோட்டமே இல்லாமல் போன பிறகும் ஆண்டுக்கொரு முறை மண்டபம் எடுத்து, கூட்டாகச் சமைத்து, ஒன்றுகூடல் நடத்தும் தோட்டத்து மக்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக் குழு இருக்கிறது. இந்தக் குழுக்களில் பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருப்பவரும், கோலாலம்பூர் வங்கியில் இருப்பவரும், துபாயில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவரும் உண்டு. அங்கே நடப்பது காலை வணக்கப் படங்களும் இரங்கல் செய்திகளும் மட்டும். வேலை கேட்பது கேவலம் என்ற எண்ணம் ஒரு பக்கம். மறுபக்கம், கேட்டாலும் அந்தப் பொறியாளர் என்ன செய்வார்? ஆறாம் வகுப்புக்குப் பிறகு பார்க்காத ஒருவரைத் தன் மேலாளரிடம் எப்படிச் சிபாரிசு செய்வது? 'இவர் என் ஊர்க்காரர்' என்பது அங்கே எடுபடாது. ஆனால் ஒரு சுட்டி இருந்து, அதைத் திறந்தால் இவர் எங்கே, எத்தனை ஆண்டு, எந்த இயந்திரத்தில் என்ன செய்தார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தால், அவர் தயங்காமல் அதை அனுப்பி வைப்பார்.

இப்படிப்பட்ட பக்கம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதற்கு நான் அறிந்தவரை நல்ல சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஹராம்பே என்ற அமைப்பு அங்கே வசதி குறைந்த இளைஞர்களுக்கு வேலைக்கு முந்தைய பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சி வகுப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவற்றில் மட்டும் லிங்க்ட்இன் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள்: கணக்குத் திறப்பது, விவரம் எழுதுவது, யாரோடு தொடர்பு சேர்ப்பது, நிறுவனங்களைப் பற்றி எப்படித் துருவுவது. மொத்தம் 1,638 பேர். லிங்க்ட்இன் பாடம் இல்லாத வகுப்புகளில் பயிற்சி முடிவில் 70 விழுக்காட்டினர் வேலையில் இருந்தார்கள். பாடம் இருந்த வகுப்புகளில் 77 விழுக்காடு. ஓராண்டு கழித்தும் அந்த வித்தியாசம் நீடித்தது. 2022இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். 7 விழுக்காட்டுப் புள்ளி என்பது சின்ன விஷயமில்லை. சில மணி நேரப் பாடத்துக்கு அது பெரிய வரவு. அதே சமயம், பாடம் இல்லாமலேயே நூற்றுக்கு 70 பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. பயிற்சியும், அதன் முடிவில் முதலாளிகளிடம் கொண்டு சேர்த்த அமைப்பும்தான் அடித்தளம். லிங்க்ட்இன் மேற்பூச்சு. அடித்தளம் இல்லாத இடத்தில் மேற்பூச்சை மட்டும் விற்பதுதான் நம் பட்டறைகளின் கோளாறு.

சரி, என்ன எழுதுவது? ஒரு மாதிரி ஆளைக் கற்பனை செய்து பார்ப்போம். பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் பன்னிரண்டு ஆண்டாகப் பாய்லர்மேன். அவர் பக்கத்தில் இருப்பது: 'பாய்லர்மேன், செம்பனை ஆலை. பொறுப்பானவர்.' அவரிடம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் வெளிவருவது வேறு. ஆலை மணிக்கு 45 டன் குலை அரைக்கிறது. கொதிகலனுக்கு எரிபொருள் குலையிலிருந்து வரும் நாரும் கொட்டை ஓடும். மழை நாளில் நார் ஈரமாகிவிட்டால் ஓட்டைக் கூட்டிப் போட்டு அழுத்தம் இறங்காமல் பார்க்க வேண்டும், கூட்டிவிட்டால் புகைபோக்கியில் கரும்புகை எழும், சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஷிஃப்டுக்கு இத்தனை பேர் அவர் கீழே வேலை செய்கிறார்கள். கொதிகலன் நீரின் தன்மையை அவரே சோதித்து எழுதி வைக்கிறார். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷின் அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முன் கொதிகலனை நிறுத்தி, ஆறவைத்து, திறந்து, சுத்தம்செய்து தயாராக வைப்பது அவர் பொறுப்பு. நீராவி ஓட்டுநர் தகுதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. புதிதாக வந்த பையன்கள் அந்தச் சோதனைக்குப் படிக்க அவர்தான் உதவினார். இதையெல்லாம் 'எல்லாரும் செய்யறதுதானே சார்' என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கோ, ஒரு பெரிய மருத்துவமனைக்கோ, ஒரு ஹோட்டல் சங்கிலிக்கோ கொதிகலன் பொறுப்பாளர் தேடும் ஒருவருக்கு இந்த விவரங்கள்தான் வேண்டும். 'பொறுப்பானவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, பொறுப்பு எது என்று எழுதினால் பக்கம் தானே நிரம்பிவிடும்.

நம்மவர்கள் இப்படி எழுதக் கூசுவது வெறும் எழுத்துப் பழக்கம் இல்லாததால் மட்டுமில்லை. தற்பெருமை பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இந்த இடத்தில் எனக்குப் பவணந்தியார் ஞாபகம் வருகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய அந்த இலக்கண ஆசிரியர், தற்புகழ்ச்சி குற்றம் என்பதை ஒப்புக்கொண்டே, புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு சந்தர்ப்பங்களுக்கு விலக்குக் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது ஒன்று. தன் திறமை தெரியாதவர்கள் நடுவே இன்னொன்று. சபையில் வாதத்தில் வெல்ல வேண்டியபோதும், எதிராளி இழித்துப் பேசியபோதும் மற்ற இரண்டு. வேலைக்கு விண்ணப்பிப்பது முதல் இரண்டிலும் அடங்கும்.

கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லாதவர்களுக்கு இந்த எழுத்துவேலை இன்னொரு வகையிலும் உதவும். 2006ஆம் ஆண்டின் தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், வகுப்பறைக்கே போகாமல், வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) பெறும் வழி ஒன்று உண்டு, பி.பி.டி. என்பார்கள். வெல்டிங், வயரிங், ஏர்கான், வாகனப் பழுதுபார்ப்பு என்று அப்பாவிடமும் அண்ணனிடமும் கற்று, எஸ்.பி.எம்.மோடு படிப்பு நின்றுபோன எத்தனையோ பேர் பத்து காஜாவிலும் தாப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் லிங்க்ட்இன்னை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் பி.பி.டி.க்காக வேலைப் படங்கள், வேலை ஆணைகள், முதலாளியின் கடிதங்கள் என்று கோப்பைத் தொகுக்கட்டும். எஸ்.கே.எம். மூன்றாம் நிலை கைக்கு வந்த பிறகு, அதே கோப்பிலிருந்து இணைய விவரத்தை எழுதுவது ஒரு மாலை வேலை.

மொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈப்போவில் சந்தைக்கும் கடைக்கும் போய் வளர்ந்த தமிழர் பலர் கந்தோனீஸில் சரளமாக வாயடிப்பார்கள். அதை விவரத்தில் போடுவதில்லை; எழுதப் படிக்கத் தெரியாததால் கணக்கில் சேராது என்று நினைக்கிறார்கள். பேச மட்டும் தெரியும் என்று போட்டால் போதும். விற்பனை, சேவை, மருத்துவமனை வரவேற்பு போன்ற வேலைகளில் அந்த ஒரு வரி ஆளைத் தூக்கிக் காட்டும்.

இனி பெயருக்கு வருவோம். இங்கே மெருகு வேலை செய்யாத சுவர் ஒன்று நிற்கிறது. லீ ஹ்வோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை ரெசுமேக்களை, பொறியியல், கணக்கியல் பட்டதாரிகள் எழுதியதுபோல், தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயர் தாங்கியவற்றில் 22.1 விழுக்காட்டுக்கு நேர்முக அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் தாங்கியவற்றில் 4.1 விழுக்காட்டுக்கு. மதிப்பெண்ணோ பல்கலைக்கழகமோ ஏற்படுத்திய வித்தியாசத்தைவிடப் பெயர் ஏற்படுத்திய வித்தியாசமே பெரிது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் இந்தியப் பெயர்கள் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் பெயரைப் பார்த்துக் கோப்பை ஒதுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. அரசியலமைப்பின் 8ஆவது விதி தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. 2023இல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் பாகுபாட்டைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் வேலையில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, வாசலில் நிற்பவரை வைத்து அல்ல.

இதனால்தான் சிலர் விவரத்தில் மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பதை எடுத்துவிட்டால் நல்லது என்கிறார்கள். மறைப்பதற்காக எடுப்பதில் அர்த்தமே இல்லை; பெயரே சொல்லிவிடும், பக்கத்தில் படமும் இருக்கிறது. ஆனால் வேறு காரணத்துக்காக அதை எடுப்பது நல்லது என்று நானும் நினைக்கிறேன். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் தளங்களில், அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ள, கவிதா என்ற பெண்ணுக்கு 'அன்புள்ள திரு. முனியாண்டி' என்று மின்னஞ்சல் வந்து சேரும். சாய்கோட்டை ஏற்காத படிவங்களும் உண்டு. இணையத்தில் அழைக்கும் பெயர், அப்பா பெயர், அவ்வளவு போதும். சான்றிதழ், ஒப்பந்தம், அடையாளக் கார்டு என்று வரும்போது முழு வடிவம். முக்கியமானது எழுத்துக்கூட்டல். சுப்ரமணியம் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் அரை டஜன் விதமாக எழுதலாம். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஃபேஸ்புக்கில் ஒன்று என்று அலைந்தால், விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு நம்மைத் தேடுகிறவர் வேறு யாரையோ கண்டுபிடிப்பார். அடையாளக் கார்டில் உள்ளதையே எங்கும் வைத்துக்கொள்வது உத்தமம்.

பெயர்ச் சுவரைத் தாண்ட நான் அறிந்த வழி, கோப்புக் குவியலுக்குள் போகாமலிருப்பதுதான். உள்ளிருந்து ஒருவர் 'இவரைப் பாருங்கள்' என்று அனுப்பும் சுட்டி அந்தக் குவியலில் சேர்வதில்லை. திரும்பவும் அந்த நடுவாந்தரப் பழக்கக்காரரிடமே வந்து நிற்கிறோம்.

தளங்களில் எது என்பதில் பெரிய ஆராய்ச்சிக்கு இடமில்லை. அலுவலக, பொறியியல் பதவிகளுக்கு லிங்க்ட்இன். பொதுவான தனியார் வேலைகளுக்கு 1997இல் மலேசியாவிலேயே தொடங்கி இப்போது ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கும் ஜோப்ஸ்ட்ரீட். வேலை போனவர்கள் சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதிக்கு மனுச் செய்யும்போது மைஃபியூச்சர்ஜோப்ஸில் பதிந்தாக வேண்டும். அங்கேயும் விவரத்தை ஏனோதானோவென்று நிரப்புகிறவர்களே அதிகம். வெளிநாட்டவரை எடுக்க விரும்பும் நிறுவனம் முதலில் அங்கே விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி இருப்பதால், சில விளம்பரங்கள் சடங்குக்காகப் போடப்பட்டவை என்ற சந்தேகம் ஊரில் உண்டு. சந்தேகம் நியாயமானதுதான். அதற்காகப் பதியாமல் விட வேண்டியதில்லை.

நம் ரெசுமே வழக்கத்தில் ஆபத்தான ஒன்று இருக்கிறது. அடையாளக் கார்டு எண், வீட்டு முகவரி, மதம், திருமண நிலை, சில சமயம் பெற்றோர் பெயரும் தொழிலும் என்று முதல் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறோம். அந்த 12 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்து வரும் 08 பேராக்கில் பிறந்தவர் என்று காட்டும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வங்கி மோசடிக்காரருக்கு இதைவிடச் சுலபமான விருந்து கிடையாது. 2017இல் இந்நாட்டின் 4.6 கோடி கைபேசி எண்களின் விவரம் வெளியே கசிந்ததை எல்லாரும் மறந்துவிட்டோம். இணையத்தில் ஏற்றும் எந்தக் கோப்பிலும் அந்த எண் இருக்கக் கூடாது. வேலை உறுதியான பிறகு நிறுவனத்திடம் நேரில் கொடுக்கலாம்.

திறந்த விவரத்தைத் தேடி வருபவர்கள் எல்லாரும் நல்லவர்களும் இல்லை. 2022இல் கம்போடியாவிலும் மியன்மாரிலும் நல்ல சம்பளம் என்று நம்பிப் போய், மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்த மலேசிய இளைஞர்களை மீட்க அரசு படாத பாடு பட்டது. முன்பணம் கேட்கும் வேலை, வாட்ஸ்அப்பிலேயே நேர்முகம் முடிந்துவிடும் வேலை, விமான டிக்கெட்டை முதலில் அனுப்பிவிடும் வேலை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும். கங்காணி காலத்திலிருந்தே, கூட்டிப்போக வருகிறவர் நம் மொழி பேசுகிறார் என்பது மட்டும் உத்தரவாதமாக இருந்ததில்லை.

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: வேலை தேடுவதைக் காட்ட லிங்க்ட்இன்னில் படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையம் முதலாளி கண்ணிலும் படும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டு என்ற வசதி உண்டு. அதிலும் நூற்றுக்கு நூறு மறைவு இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஊரில் இல்லாத வேலையை எழுத்து உண்டாக்காது. 1985இல் ஈயத்தின் விலை சரிந்த பிறகு கிந்தா பள்ளத்தாக்கு பழைய நிலைக்கு மீளவே இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்க ஈப்போவில் 1969இலேயே தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், செரி இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கின்றன. படித்து முடித்தவர்கள் 2010இல் ஓடத் தொடங்கிய இ.டி.எஸ். ரயிலில் ஏறி கோலாலம்பூருக்குப் போய்விடுகிறார்கள். நல்ல விவரப் பக்கம் இந்தப் போக்கைத் தடுக்காது, வேகப்படுத்தும். தேடலில் 'ஈப்போ' என்று இடம் போட்டிருப்பவரைவிடக் 'கோலாலம்பூர்' என்று போட்டிருப்பவருக்கு அழைப்பு அதிகம் என்று நம்பி, அங்கே வீடு பார்க்கும் முன்பே இடத்தை மாற்றிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக, நம்மிடையே யாரும் பயன்படுத்தாத ஒரு கருவியைப் பற்றி. அதற்குச் சான்றும் ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வுதான், 2020இல் வந்தது. வேலை தேடும் இளைஞர்கள் தங்கள் பழைய முதலாளியிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்தபோது, அழைப்புகள் 60 விழுக்காடு கூடின. பலன் பெரும்பாலும் பெண்களுக்கே போய்ச் சேர்ந்தது. கடிதம் வாங்கிய பெண்களிடையே வேலை கிடைத்தவர்கள் இரு மடங்கானார்கள். இத்தனைக்கும் அவை அலங்காரமான கடிதங்கள் இல்லை. எத்தனை காலம் வேலை செய்தார், நேரத்துக்கு வந்தாரா, எந்த வேலையில் எவ்வளவு திறமை என்பதை ஒரு முன்னாள் முதலாளி நேர்மையாகச் சொன்ன விவரம்.

பேராக்கில் திருமணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதில் திரும்பி வர நினைக்கும் பெண்கள் ஏராளம். ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்தவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர், தனியார் பாலர் பள்ளி நடத்தியவர் என்று ஒவ்வொரு தாமானிலும் உண்டு. அவர்கள் விவரத்தில் பத்து வருட இடைவெளி பளிச்சென்று தெரியும். அதை எந்தச் சொல்லாலும் மூட முடியாது, மூடவும் வேண்டாம். அன்றைய சூப்பர்வைசர் இன்று ஓய்வு பெற்று ஈப்போ கார்டனிலோ மெங்லெம்புவிலோ இருப்பார். அவரிடம் போய், தேதி, பொறுப்பு, எத்தனை பேருக்கு மேற்பார்வை என்ற மூன்றும் இருக்கும்படி நான்கு வரி கேட்டு வாங்கலாம். லிங்க்ட்இன்னில் கணக்கு இருந்தால் பரிந்துரைப் பகுதியில் அவரே எழுதலாம். இல்லாவிட்டால் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் கைபேசி எண்ணையும் குறித்துத் தரட்டும். கூப்பிட்டுக் கேட்பவருக்குப் பதில் சொல்ல அவர் சம்மதிக்க வேண்டும். அந்த மனிதருக்கு ரோமன் எழுத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால், எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவதில் தவறில்லை, அவர் திருத்தச் சொன்னதைத் திருத்திய பிறகு.